தூளில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஒரு கிளாஸ் டீக்கு 2 கிராம் தூள் போதும். அப்படியானால் ஒரு கிலோவில் 500 கிளாஸ். இப்போது வாங்குகிற தூளைவிடக் கிலோவுக்கு 100 ரூபாய் அதிகமுள்ள தூளை வாங்கினால் கிளாஸுக்குக் கூடுகிற செலவு 20 பைசா. அதே கிளாஸில் 100 மில்லி பால் ஊற்றினால் நாலைந்து ரூபாய் போய்விடுகிறது. சீனி, கேஸ் எல்லாம் தனி. ஆனாலும் என் கடைக்கு வருகிறவர்கள் பாலில் கை வைக்க மாட்டார்கள், சீனியில் கை வைக்க மாட்டார்கள். "அண்ணாச்சி, தூள் மட்டும் கொஞ்சம் வெல கொறஞ்சதாப் பாத்துப் போடுங்க" என்பார்கள். டீயில் எதற்குச் செலவு ஆகக் குறைவோ, அதில் போய் நம் சிக்கனம் உட்கார்ந்துகொள்கிறது.

கிருஷ்ணன்கோவிலில், நெடுஞ்சாலையிலிருந்து வத்திராயிருப்புக்குப் பிரிகிற ரோட்டை ஒட்டிப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடைப் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுவோம். டீக்கடைக்காரர்கள் அஞ்சு கிலோ பையாக எடுப்பார்கள். கலசலிங்கம் பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் கிரீன் டீ டப்பா கேட்பார்கள். ராஜபாளையத்து மில் வேனுக்குக் காத்து நிற்கிற பெண்கள் பத்து ரூபாய் பாக்கெட்டை வாங்கி மடியில் செருகிக்கொள்வார்கள். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி போகிற கூட்டத்துக்குச் சுக்குப்பொடி. செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரி டிரைவர்கள் எதிர்க்கடையில் நின்று பாலில்லாத கட்டன் கேட்பார்கள். இத்தனை பேருக்கும் சரக்கு கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: "அண்ணாச்சி, எது நல்ல தூள்?" என்று மொட்டையாகக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எப்படிக் குடிப்பீர்கள், எப்போது குடிப்பீர்கள், வீட்டில் என்ன தண்ணி என்று சொன்னால், உங்களுக்கு எது ஆகும் என்று சொல்ல முடியும்.

எங்கள் பக்கத்து ஜனம் கண்ணை மூடிக்கொண்டு சாமான் வாங்குகிற ஜனமும் இல்லை. அரிசி என்றால் பழசா புதுசா என்று கேட்டு, நாலு மணியை வாயில் போட்டு மென்று பார்த்துத்தான் மூட்டையில் கை வைப்பார்கள். வத்தல் என்றால் முண்டா, சம்பாவா. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் படித்துவிட்டு வந்து என்னிடம் துவரம்பருப்புக்குப் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. பால்கோவாவில் கரண்டி போட்டதும் எத்தனை நேரம் கிண்டியது என்று சொல்லிவிடுவார்கள். அதே ஆள் டீத்தூளுக்கு வந்ததும் "அந்தச் செவப்புப் பாக்கெட்டு", "பூப்படம் போட்டது" என்று கையைக் காட்டுகிறார். எந்த மலைத் தூள், என்ன ரகம், எந்த மாதம் அடைத்தது என்று ஒரு கேள்வி கிடையாது.

முதலில் ஒரு வீண்பழியைத் துடைத்துவிடுகிறேன். டஸ்ட் டீ என்றால் ஃபேக்டரித் தரையில் கூட்டி அள்ளிய குப்பை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டு நிறம் மாறவிட்டு, உலர்த்தி, கடைசியில் வரிசையாகச் சல்லடைகளில் விடுவார்கள். மேலே நிற்பது பெரிய இலை. அதற்குக் கீழே உடைந்த இலை. அடிச் சல்லடையில் இறங்குகிற நைஸ் மணிதான் டஸ்ட். பருமனை வைத்து வந்த பிரிவு அது, தரத்தை வைத்து வந்தது அல்ல. டஸ்டுக்குள்ளேயே பெக்கோ டஸ்ட், ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்று ரகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. குன்னூரிலும் கோவையிலும் கொச்சியிலும் ஏலத்தில் எடுக்கிறவர்கள் இதை நாக்கில் வைத்துப் பார்த்து விலை சொல்கிறவர்கள். குப்பைக்கு யாரும் அப்படி நாக்கை நீட்டமாட்டார்கள்.

சல்லடைக்கு முன்னால் இன்னொரு பிரிவு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நம் வீட்டு டப்பாவில் இருப்பது அநேகமாக சி.டி.சி. தூள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் வேறுவேறு வேகத்தில் சுற்றும்; அவற்றுக்கு நடுவே போகிற இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு சின்ன உருண்டைகளாக வெளியே வரும். 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் கொண்டுவந்த முறை. இலையின் சாறு முழுக்க வெளியே வந்து மணியோடு ஒட்டிக் காய்ந்துவிடுவதால், கொதிதண்ணி பட்டதும் நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்கும். அதற்கு முந்தைய முறை ஆர்த்தடாக்ஸ். அதில் இலையை முறுக்குவார்கள், கூழாக்கமாட்டார்கள். நிறம் நிதானமாக இறங்கும், மணம் தங்கும்.

எது ஒசத்தி? எதிர்க்கடை மாஸ்டரிடம் கேட்டால் தயங்காமல் சி.டி.சி. டஸ்ட் என்பார். அவருக்கு அதுதான் சரி. அவர் டீ போடுவதைக் கல்லாவில் இருந்தே பார்க்கலாம். பாய்லர் பக்கத்தில் டிகாஷன் மக்; அதில் தொங்குகிற துணிப்பை என்றைக்கோ வெள்ளையாக இருந்தது. கிளாஸைச் சுடுதண்ணியில் அலசி, சீனியை முதலில் போட்டு, அதன்மேல் பாலை விட்டு, பையைத் தூக்கி டிகாஷனை ஊற்றும்போது கிளாஸுக்குள் நிறம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிறகு ஒரே ஒரு ஆற்று. கை மேலே போய்க் கீழே வருவதற்குள் அது செங்கல் நிறத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் வாடிக்கையாளர் "என்ன மாஸ்டர், பால்கோவாவா போட்டுக் குடுக்கீங்க?" என்று கேட்டுவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடுகிற வட்டாரம் இது. கறவைமாடு பார்க்கிற ஊர்ப் பால் கெட்டி. அந்தப் பாலை எதிர்த்து நிற்கத் தூளுக்குக் கடுப்பு வேண்டும். ஒருமுறை நல்ல ஆர்த்தடாக்ஸ் இலையில் கால் கிலோ கொடுத்துப் போட்டுப்பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்: "அண்ணாச்சி, இது பால்ல எறங்க மாட்டேங்குது. வெளுத்துப் போயி நிக்குது. வீட்டுக்கு வச்சுக்கோங்க."

அவர் சொன்னது வீட்டுக்காரர்களுக்கும் பொருந்தும். ஊட்டி, மூணாறு சுற்றுலா போய்விட்டு அலங்கார மரப்பெட்டியில் இலைத்தூள் வாங்கி வந்து, அதைப் பாலோடு சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, "காசைக் கொட்டி வாங்குனது, மணமே இல்ல" என்று என்னிடம் வந்து புலம்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. அந்த இலையின் மணம் எல்லாம் ஆவியில் போய்விட்டது. மிச்சம் இருந்ததைப் பால் விழுங்கிவிட்டது. பால் டீதான் குடிப்பேன் என்றால் டஸ்ட் வாங்குங்கள், அதில் நல்ல டஸ்டாக வாங்குங்கள். தண்ணியில் தூளைப் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் கொதித்ததும் காய்ச்சிய பாலைச் சேர்த்து இறக்கிவிடலாம். தூள் மட்டமானது என்றால்தான் நேரம் போட்டுக் கொதிக்கவிட்டுக் கசக்கிப் பிழிய வேண்டியிருக்கும். அப்போது நிறத்தோடு துவர்ப்பும் வந்து சேரும், துவர்ப்பை மறைக்கச் சீனி கூடும். கிளாஸுக்கு 20 பைசா மிச்சம் பிடித்தவர் ஒரு ஸ்பூன் சீனியில் அதைவிட அதிகமாக விட்டுவிடுகிறார்.

பால் இல்லாமல் குடிக்கிறவர்கள் கதை வேறு. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் கொழுந்து எடுத்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தப் பக்கம் அனுப்பிவைக்கப்பட்டவர். பால் டீயை அவர் டீக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவருக்குப் பிளேன்டீதான். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு வாய் டீ, ஒரு நக்கு. புதுத் தூள் வந்தால் அவருக்குக் கொஞ்சம் கொடுத்துக் கேட்பது என் வழக்கம். மூன்று விரலால் எடுத்துப் பார்ப்பார். நாரும் குச்சியும் கலந்திருந்தால் அத்தோடு சரி, பொட்டலத்தைத் தள்ளிவிடுவார். நன்றாக இருந்தால் கண்ணாடி கிளாஸில் போட்டு, தளதளவென்று கொதித்த தண்ணியை ஊற்றி, மேலே தட்டை வைத்து மூடி, மூன்று நான்கு நிமிஷம் பேசாமல் இருப்பார். பிறகு வடிகட்டி வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்.

"இங்க பாருங்க தம்பி, செம்புப் பானைய வெளக்கி வச்ச மாதிரி பளபளன்னு இருக்கணும். கருகருன்னு கெடந்தா அது பழைய சரக்கு, இல்லாட்டி மட்டம். பால ஊத்திட்டா எல்லா யோக்கியதையும் ஒண்ணாத்தான் தெரியும்."

ஏலத்துக்காக ருசி பார்ப்பவர்களும் நிறத்தின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பெரியம்மாவுக்கு ஏலம் தெரியாது. தோட்டத்தில் பறித்தவர்களுக்கு வந்து சேர்ந்த தூளையும், கப்பலேறிய தூளையும் கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொண்டவர்.

அவரைப் போலப் பாலில்லாமல் குடிக்க நினைத்தால் ஊரைப் பார்த்து வாங்க வேண்டும். அஸ்ஸாம் இலை கனமானது. நிறமும் கடுப்பும் அதிகம். பாலுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை, வெறும் டீயாகக் குடிக்கக் கொஞ்சம் முரடு. டார்ஜிலிங்கில் மார்ச், ஏப்ரலில் பறிக்கிற முதல் கொழுந்து பொன்னிறமாக, பூ வாசனையோடு இருக்கும். பால் விட்டால் பாவம். விலையும் நம் கல்லாவுக்கு எட்டாது, நான் வைப்பதில்லை. இலங்கையில் உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். நுவரெலியா போன்ற மேல்மலையில் வெளிர் நிறமும் மணமும், தெற்கே தாழ்வான பகுதிகளில் கருமையும் கடுப்பும். நம் நீலகிரி மேல்மலைத் தூள் அந்த மேல்மலைக் குணத்தை ஒத்தது. அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் கொழுந்து மெதுவாக வளரும், மணம் தேறும். மழை மாதங்களில் கொழுந்து மளமளவென்று வரும், மணம் மெலிந்துவிடும். ஆகவே தை, மாசிச் சரக்கு வந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். எலுமிச்சை பிழிந்து குடிப்பவர்களுக்கு நீலகிரி இலையை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். ஆறவைத்தாலும் கலங்காமல் இருக்கும் என்பது அதற்குள்ள நல்ல பெயர். சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜில் வைத்துக் குடிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதுதான்.

கிரீன் டீயைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித் தேவைக்கு மேலேயே பேசியாகிவிட்டது. அதே செடி, அதே கொழுந்து. பறித்ததும் ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டி நிறம் மாறாமல் தடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதிலும் காஃபின் இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குக் கிரீன் டீ போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொப்பை கரையும் என்று டப்பாவில் படம் போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர் அதோடு இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். ருசி பிடித்தால் குடியுங்கள். தண்ணி கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு டம்ளரில் மாற்றி இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிட்டு, 80 டிகிரி சூட்டுக்கு வந்தபின் இலையைப் போட்டால் கசக்காது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டு வேப்பங்கொழுந்து போல இருக்கிறது என்று தேயிலையைக் குறை சொல்லக் கூடாது. அதன் சாரத்தை மாத்திரையாக அடைத்து விற்பதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். அப்படிப்பட்ட மாத்திரைகளில் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்கிற தேயிலைச் சத்து சேரும்போது கல்லீரலுக்குச் சிக்கல் வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே எச்சரித்திருக்கிறது.

எந்தத் தூள் என்பதைவிட எப்போது குடிக்கிறோம் என்பது எங்கள் ஊரில் பெரிய விஷயம். காலை ஷிஃப்டுக்கு மில் வேன் விடிவதற்கு முன்னால் வந்துவிடும். சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு ஓடிவருகிற பெண்கள் வேனுக்கு நிற்கும்போது ஒரு டீ, ஒரு பன். பலருக்கு அதுதான் காலைச் சாப்பாடு. பத்து மணிக்கு இடைவேளை டீ. மத்தியானம் சோறு தின்ற கையோடு இன்னொன்று. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சரியாகச் சேரவிடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தனைக்கும் டீதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. சாப்பாடே குறைவு என்பதுதான் முதல் காரணம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிற பெண்களை நான் என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். மாத்திரை வீண், டீயும் வீண்.

2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் ஒரு மணி நேரம் பின்னாலும் டீ, காபி வேண்டாம். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்குமாம். கடைக் கிளாஸ் சின்னது. அதற்காக எட்டு, பத்து என்று குடிக்கிறவர்கள் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் பத்துக் கிராம். அஞ்சு டீயில் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற உச்ச அளவே ஏறக்குறைய அதுதான், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. மில் நிர்வாகங்கள் மத்தியான டீயைச் சோற்றிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் செலவே இல்லாமல் ஒரு நன்மை நடக்கும். சோற்றுக்குப் பின்னால் டீக்குப் பதில் ஒரு கொய்யாப் பழமோ, அரை நெல்லிக்காயோ கொடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர அது துணைக்கு வரும். இரண்டும் எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கிறவைதான். இதைச் சொல்லப் பலசரக்குக்கடைக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். காலை அஞ்சு மணிக்குக் கடை திறக்கிற தகுதிதான்.

தண்ணியைச் சொன்னேன் அல்லவா. போர்த் தண்ணியில் பிளேன்டீ போட்டால் மேலே ஒரு ஏடு படிந்து நிறம் மங்கிப்போகும். தண்ணியில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையோடு சேர்ந்து செய்கிற வேலை அது; தூள் போலி என்று என்னிடம் கொண்டுவந்து வீசவேண்டியதில்லை. நல்லதண்ணியில் அதே தூளைப் போட்டுப் பாருங்கள். போர்த் தண்ணிதான் கதி என்றால் பால் டீயோ, எலுமிச்சை பிழிந்த டீயோ குடிக்கலாம். எலுமிச்சை அந்த ஏட்டை விரட்டிவிடும். கருப்பட்டி டீ பிடித்தவர்கள் கருப்பட்டியைத் தனியே காய்ச்சி வடிகட்டி, அடுப்பை அணைத்தபின் சேர்க்கவேண்டும். கொதிக்கிற பாலில் போட்டால் சமயத்தில் திரிந்துபோகும்.

கலப்படத்துக்கும் ஒரு வார்த்தை. சாயம் ஏற்றிய தூளைப் பச்சைத் தண்ணியில் போட்டால் உடனே குப்பென்று நிறம் இறங்கும். நல்ல தூள் பச்சைத் தண்ணியில் அவசரப்படாது. உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிற வழி இன்னும் எளிது. வடிகட்டும் காகிதத்தில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணி தெளித்து ஊறவிட்டு, குழாயில் காட்டித் தூளைக் கழுவிவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கறை திட்டுத்திட்டாக நின்றால் அது சாயம். இரும்புத்தூள் சந்தேகம் என்றால் காந்தம் போதும். விலையில் பாதிக்குப் பாதி மலிவாக, பேர் ஊர் இல்லாத பையில் வருகிற சில்லறைத் தூளைத்தான் இப்படிச் சோதிக்க வேண்டியிருக்கிறது. டிகாஷன் கருப்பாக இறங்குகிறதே என்று அதைத் தேடிப்போகிற டீக்கடைகள் உண்டு. யார் என்று சொல்லமாட்டேன், எனக்கும் இதே ரோட்டில் பிழைப்பு.

என் கடை வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். அந்த மலைக்கு அப்பால் வருசநாடு. அதையும் தாண்டினால் மேகமலை, ஹைவேவிஸ், மணலாறு. கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இந்த இரண்டு பக்கத்துக் காடுகளையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. புலிக்கு அது ஒரே மலை. நாம் உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர் என்று சுற்றிப்போய் 18 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். அங்கே விளைகிற தூள் அந்தப் பெயரோடு என் கடைக்கு வந்ததில்லை. மேகமலைத் தூளும் வால்பாறைத் தூளும் கூடலூர்த் தூளும் ஏதோ ஒரு கலவையில் சேர்ந்து, ஏதோ ஒரு நிறப் பாக்கெட்டில் எனக்கு வந்து சேர்கின்றன. கலவை தப்பில்லை, வருஷம் முழுக்க ஒரே ருசி வேண்டுமென்றால் கலக்கத்தான் வேண்டும். எதைக் கலந்தார்கள் என்று ஒரு வரி போடுவதில் என்ன நஷ்டம்?

அரசு நினைத்தால் இதை எளிதாகத் தொடங்கலாம். பெரியம்மா போல இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க உண்டான தேயிலைத் தோட்டங்களுக்காக 1976இல் ஏற்பட்ட அரசு நிறுவனம்தான் டான்டீ. நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஃபேக்டரிகளுக்கு இண்ட்கோசர்வ் இருக்கிறது. ஊட்டி டீ என்று ரேஷன் கடைவரை பாக்கெட் வருகிறது. விவசாயி பக்கத்தையும் பார்க்க வேண்டும்: நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள். அந்தக் கொழுந்துக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு 2023இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோவுக்கு 100 ரூபாய் கூடக் கொடுக்கிறவன் காசு தானாக அவர்கள் கைக்குப் போய்விடாது என்பது வியாபாரியான எனக்குத் தெரியாதா? ஆனால் தூளின் தரத்தைப் பார்க்கத் தெரியாத வாடிக்கையாளர் இருக்கிறவரை, நல்ல கொழுந்தைப் பார்த்து நிதானமாகப் பறிக்கச் சொல்லி யாரும் விவசாயிக்குக் கூடுதலாகக் கொடுக்கப்போவதும் இல்லை.

ஆகவே டான்டீக்கும் இண்ட்கோசர்வுக்கும் ஒரு சில்லறை வியாபாரியின் விண்ணப்பம். ரேஷன் கடையிலும் எங்களைப் போன்ற கடையிலும் 50 கிராம் பொட்டலமாக இரண்டே ரகம் கொடுங்கள்: பாலுக்கு ஒரு நல்ல டஸ்ட், பாலில்லாமல் குடிக்க ஒரு ஆர்த்தடாக்ஸ் இலை. பொட்டலத்தின் மேல் மலையின் பெயரும் பறித்த மாதமும் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இருக்கட்டும். கால் கிலோ, அரை கிலோ என்றால் எங்கள் ஜனம் புதுசாக எதையும் முயன்று பார்க்காது. 50 கிராம் என்றால் 25 கிளாஸ். பிடிக்காவிட்டால் நஷ்டம் பெரிதில்லை, பிடித்துவிட்டால் மறுவாரம் பேர் சொல்லிக் கேட்பார்கள். முதல் சரக்கை ஜனவரியில் அனுப்புங்கள். தைப்பூசத்துக்கு நடைப்பயணம் போகிறவர்கள் ரோடு நெடுக டீ குடிக்கிற சமயம், குளிர்காலக் கொழுந்தும் அப்போதுதான்.